லைட்டு பிடிச்சவன்

எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. இன்னும் என் பேரு தம்பி. கடைக்காரன் தம்பிங்கறான், தபால்காரன் தம்பிங்கறான், என் மகன் வயசுல ஒருத்தன் வண்டிய வாசல்ல நிறுத்திட்டு, "தம்பி, மூக்கர் இருக்காரா?"ன்னு கேக்கறான். எனக்குப் பத்திக்கிட்டு வரும். பட்டறை பத்திரத்துல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. ஆனா இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் அது மூக்கர் பட்டறைதான்.

மூக்கர்ங்கறது என் அண்ணன். ரெண்டே வயசு மூத்தவன். நாங்க பழைய கார் மட்டுந்தான் பாப்போம். கம்ப்யூட்டர் வச்சு குறை சொல்ற வண்டி எங்க வாசப்படி ஏறாது. எங்க கம்ப்யூட்டர் அண்ணனோட மூக்கு. பிளக்கைக் கழட்டி மோந்து பாப்பான், புகைய மோந்து பாப்பான், ஆயில் அளக்கற டிப்ஸ்டிக்க உருவி மூக்குக்கிட்ட கொண்டுபோய் கண்ண மூடிக்குவான். வண்டிக்காரன் கைய கட்டிக்கிட்டு தேர்வு முடிவுக்கு நிக்கற மாதிரி நிப்பான். "கிளட்ச் எரியுது", "ஆயில்ல தண்ணி கலக்குது", "பெட்ரோல்ல மண்ணெண்ணெய் சேத்திருக்கான் யாரோ"ன்னு இவன் சொல்லுவான். சொன்னது தப்பாது. அதுக்கப்புறம் வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்து, முதுகுல கல்லு குத்த, மூஞ்சில ஆயில் சொட்ட, நட்டைக் கழட்டறது யாரு? நான். பேரு அவனுக்கு, பாடு எனக்கு. முப்பது வருஷம்.

யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கும் ஒரு காலம் வரும்னு சொல்லுவாங்க. என் காலம் ஒரு செத்த எலி ரூபத்துல வந்துச்சு.

நாலு மாசம் முன்னாடி அண்ணனுக்கு ஒரு காய்ச்சல். பத்து நாள் படுத்துட்டு, கன்னம் ஒட்டிப்போய் பட்டறைக்கு வந்தான். வந்த வாரத்துலயே ஒரு கார் வந்துச்சு. ஆறு மாசம் ஷெட்டுல பூட்டிக் கிடந்த கார். டாஷ்போர்டுக்குக் கீழ ஒயரப் பாக்க அண்ணன் உள்ள உக்காந்து, வெளிய தூறல்னு கதவையும் கண்ணாடியையும் ஏத்திக்கிட்டான். ஒரு மணி நேரம் ஆச்சு. ஸ்க்ரூட்ரைவர் குடுக்கலாம்னு நான் கதவத் திறந்தேன். அடேயப்பா! குடலைப் பிடுங்கிடுச்சு. அவன் உக்காந்திருந்த சீட்டுக்கு அடியிலயே எலி செத்து அழுகிக் கிடக்கு. இவன் பாட்டுக்கு ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டு ஒயர் சுத்திக்கிட்டு இருக்கான்.

என்னை நிமிந்து பாத்தான். என் மூஞ்சிய ஒரு நிமிஷம் பாத்தான். சட்டுனு தோள்ல இருந்த துண்ட எடுத்து மூக்கப் பொத்திக்கிட்டு, "ச்சீ, என்ன நாத்தம்டா இது!"ன்னு வெளிய குதிச்சான்.

ஒரு மணி நேரமா வராத நாத்தம் என்னைப் பாத்ததும் வந்துச்சாம். நான் என்ன காதுல பூ வச்சவனா?

அன்னையிலருந்து சோதனை பண்ண ஆரம்பிச்சேன். அவன் டீ டம்ளர் பக்கத்துல பெயிண்ட் கரைக்கற தின்னர்ல முக்கின துணிய வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். ஓரக்கண்ணால பாத்தா, ஒரு சுளிப்பு இல்லாம டீய உறிஞ்சறான். இன்னொரு நாள் அவன் செருப்புக்குப் பக்கத்துல பூனை அசிங்கம் பண்ணி வச்சிருந்துச்சு. அதுமேலயே நின்னு அரை மணி நேரம் வேலை பாத்தான். சந்தேகமே இல்ல. மூக்கருக்கு மூக்கு போயிடுச்சு.

வெளிய சொன்னேனா? சொல்லுவேனா! சொன்னா என்ன ஆகும், 'ஐயோ பாவம்'னு அவனுக்கு நாலு பேர் கூடுவாங்க, ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வீட்டுக்கு வருவாங்க. அவனா வழுக்கி விழணும், நாலு பேர் பாக்க விழணும். அதுவரைக்கும் அத வாயில மிட்டாய் மாதிரி அடக்கி வச்சிருந்தேன். ரொம்ப இனிப்பா இருந்துச்சுன்னு சொல்றதுக்கு எனக்கு வெக்கமில்ல.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. மூக்கு போனப்புறமும் அவன் சொல்றது சரியாவே இருந்துச்சு. டிப்ஸ்டிக்க உருவுவான், மூக்குக்கிட்ட கொண்டு போவான், ஒரு நிமிஷம் நிப்பான், சொல்லுவான். சரியா இருக்கும். அனுபவம், குருட்டு அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கிட்டேன். இன்னொரு எரிச்சல் வேற புதுசா சேந்துச்சு. எதுக்கெடுத்தாலும், "டேய் தம்பி, இங்க வா, லைட்ட பிடி"ம்பான். பட்டப்பகல்ல, வெயில் பானெட்டு மேல பளபளன்னு அடிக்கும்போது லைட்டு எதுக்கு? "எனக்கு எதிர்ப்பக்கமா நில்லு, இன்னும் கிட்ட வா, குனி"ம்பான். ஐம்பத்திரண்டு வயசுல லைட்டு பிடிக்கற வேலை. பல்லக் கடிச்சுக்கிட்டு பிடிச்சேன்.

அப்பதான் கண் டாக்டரம்மா வண்டி வந்துச்சு.

அந்தம்மாவுக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். அவங்க அப்பா ஓட்டின கார அவங்களே தினம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போறாங்க. சாவிய அண்ணன் கையிலதான் குடுப்பாங்க. நான் கைய நீட்டினாலும் சுத்திக்கிட்டுப் போய் அவன்கிட்ட குடுப்பாங்க.

"காலையில கிளம்பவே மாட்டேங்குது மூக்கரே. கிளம்பினா இருமுது. கீழ பெட்ரோல் சொட்டுது"ன்னாங்க.

கார்புரேட்டர்னா பெரிய மாயம் ஒண்ணுமில்ல. அதுல ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்துல பெட்ரோல், பெட்ரோல்ல ஒரு மிதவை. பெட்ரோல் நிறைஞ்சதும் மிதவை மேல ஏறி ஒரு ஊசியத் தள்ளும், ஊசி வாசல அடைக்கும். வீட்டுத் தண்ணித் தொட்டியில பந்து வச்ச குழாய் இருக்கே, அதே வேலைதான். ஊசி சரியா உக்காரலன்னா கிண்ணம் வழியும். வழியறது இன்ஜினுக்குள்ள போய் பிளக்க நனைக்கும். வண்டி தண்ணில விழுந்த கோழி மாதிரி நிக்கும்.

அண்ணன் மூடியக் கழட்டினான். மிதவைய எடுத்து காதுகிட்ட வச்சு குலுக்கினான். ஓட்டை விழுந்து உள்ள பெட்ரோல் போயிருந்தா சலசலக்கும். சத்தமில்ல. ஊசிய நகத்துல உருட்டிப் பாத்தான். முனையில வளையமாத் தேஞ்சிருந்துச்சு. "இதான்"னான். புது ஊசி போட்டோம். பெட்ரோல் வழிஞ்சு ஆயில்லயும் கலந்திருக்கும்னு பழைய ஆயில வடிச்சிட்டு புது ஆயில் நான் ஊத்தினேன். வண்டி முதல் சாவியிலயே கிளம்புச்சு.

"உங்க மூக்குக்கு தங்கத்துல காப்பு போடணும் மூக்கரே"ன்னாங்க டாக்டரம்மா. அண்ணன் பல்லெல்லாம் தெரிய சிரிச்சான். அப்புறம் அந்தம்மா என்னைப் பாத்து, "தம்பி, வண்டிய கொஞ்சம் வெளிய எடுத்து விடுங்க"ன்னாங்க.

பன்னண்டு நாள்ல வண்டி திரும்பி வந்துச்சு. இப்ப கிளம்பறதுல குறையில்ல, கீழ சொட்டல. ஆனா ஓட்டும்போது பெட்ரோல் வாடை அடிக்குது, பெட்ரோலும் சீக்கிரம் தீருதுன்னாங்க. சொல்லிட்டு ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சுன்னு வாசலுக்குப் போயிட்டாங்க.

இதுல ரெண்டு வழிதான் உண்டு. ஒண்ணு, கார்புரேட்டர் இன்னும் லேசா வழியணும், ஆயில் வரைக்கும் போகாத அளவுக்கு. இல்ல, பம்ப். இந்த வண்டிக்கு பம்ப் இன்ஜின் பக்கவாட்டுலயே ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுக்குள்ள ரப்பர்ல ஒரு சவ்வு. சவ்வு கிழிஞ்சா பெட்ரோல் வெளிய சொட்டாது, நேரா இன்ஜின் ஆயில்ல இறங்கும். ஆயில் தண்ணியாகும். தண்ணியான ஆயில்ல ஓட்டினா பேரிங் போயிடும், இன்ஜின் போயிடும். நிச்சயமா கண்டுபிடிக்க வழி ஒண்ணுதான்: டிப்ஸ்டிக்க மோந்து பாக்கணும். பெட்ரோல் வாடை அடிச்சா பம்ப். அடிக்கலன்னா கார்புரேட்டர். சும்மா சந்தேகத்துக்கு பம்பக் கழட்டக்கூடாதுங்கறது அண்ணனோட சட்டம். பழைய வண்டியில நல்லா இருக்கறதக் கழட்டினா அதுவும் கெட்டதோட சேந்துடும்பான். அது சரிதான். அந்த ஸ்க்ரூவெல்லாம் தொட்டா பிடி கழண்டுடும்.

"டேய் தம்பி, லைட்ட பிடி."

பிடிச்சேன். எதிர்ப்பக்கம் நின்னு குனிஞ்சேன். அண்ணன் டிப்ஸ்டிக்க உருவினான்.

உருவின உடனே எனக்கு மூக்குல ஏறிடுச்சு. சந்தேகமே வேண்டாம், பெட்ரோல். பம்ப் சவ்வு கிழிஞ்சு கிடக்கு. தும்மல் வர்ற மாதிரி இருந்துச்சு. அடக்கினேன். இந்தா வந்துடுச்சு என் நாள்னு உள்ளுக்குள்ள மேளம் அடிக்குது. அது வெளிய தெரியக்கூடாதேன்னு மூஞ்சிய சுவரு மாதிரி வச்சுக்கிட்டேன். மூச்சைக்கூட இழுக்கல.

அண்ணன் டிப்ஸ்டிக்க மூக்குக்கிட்ட வச்சான். கண்ண மூடல. முன்னெல்லாம் மூடுவான்.

"லெவல் ஏறியிருக்கேடா?"ன்னான். பெட்ரோல் இறங்கினா லெவல் ஏறத்தான் செய்யும். மூக்கில்லாதவனுக்கும் தெரியற அடையாளம் அது.

"நான்தான் அன்னைக்கு கொஞ்சம் தாராளமா ஊத்திட்டேன்"னேன்.

பொய். அளவா ஊத்தினேன், கோடு பாத்து ஊத்தினேன்.

விரல்ல ஆயிலத் தொட்டு தேச்சுப் பாத்தான். "இளகலா இருக்கோ?"

"இன்ஜின் சூடா இருக்கில்ல. ஓட்டிக்கிட்டுதானே வந்தாங்க."

இன்னொரு தடவை டிப்ஸ்டிக்க மூக்குக்கிட்ட வச்சான். என்னையே பாத்துக்கிட்டு நின்னான். எனக்கு லேசா பயம்தான். கண்டுபிடிச்சிட்டானோன்னு. அப்புறம் டிப்ஸ்டிக்க துணியில தொடச்சு உள்ள சொருகினான்.

"ஆயில் சுத்தமா இருக்கு. பம்ப்ல குறையில்ல. மிதவைய ஒரு நூல் அளவு இறக்கி வச்சா சரியாயிடும்"னான். டாக்டரம்மா போன் பேசி முடிச்சு வந்தப்ப அவங்ககிட்டயும் அதையே சொன்னான். "எதுக்கும் தம்பியும் கூட நின்னு பாத்துட்டான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க?"

எனக்கு சிரிப்பு தாங்கல. இருமற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

அஞ்சு நாள்தான். ஆறாவது நாள் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்க அந்த வண்டிய. பாலத்து மேல போகும்போது இன்ஜின் கடகடன்னு அடிச்சு அப்படியே இறுகி நின்னுடுச்சாம். பின்னாடி வந்த லாரி ஒரு முழத்துல பிரேக் போட்டிருக்கு. டாக்டரம்மா அத சொல்லும்போது கை நடுங்குச்சு. ஊசி முனையில கண்ணுக்குள்ள வேலை பாக்கற கை அது. அதப் பாத்தப்ப எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லல, இருந்துச்சு. ஆனா ஒரு நிமிஷந்தான். ஆளுக்குத்தான் ஒண்ணும் ஆகலையேன்னு மனச தட்டிக் குடுத்துட்டேன்.

அண்ணன் வெளுத்துப்போய் நின்னான். நான் அடியில படுத்து ஆயில் அடைப்பானைத் திறந்தேன். ஆயிலா அது? தண்ணி. குழாயத் திறந்துவிட்ட மாதிரி கொட்டுச்சு. பெட்ரோல் வாடை பட்டறை முழுக்க குப்புனு பரவுச்சு. நாலடி தள்ளி நின்ன டாக்டரம்மா முந்தானைய எடுத்து மூக்கப் பொத்திக்கிட்டாங்க. ஆயில் பிடிக்கற தொட்டிக்குப் பக்கத்துலயே நின்ன அண்ணன் ஒண்ணுமே நடக்காத மாதிரி நின்னான்.

"இது இவ்வளவு வாடை அடிக்குதே மூக்கரே, அன்னைக்கு நீங்க மோந்துதானே பாத்தீங்க?"ன்னாங்க.

"தப்பு நடந்துடுச்சு டாக்டரம்மா"ன்னான் அண்ணன்.

நான் கீழயிருந்து எந்திரிச்சேன். கையத் தொடச்சேன். அவசரப்படல. முப்பது வருஷம் பொறுத்தவனுக்கு முப்பது நொடி என்ன.

"தப்பெல்லாம் இல்ல டாக்டரம்மா. அண்ணனுக்கு நாலு மாசமா மூக்கே கிடையாது. ஒரு வாடையும் தெரியாது. உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட நடிச்சுக்கிட்டு இருக்காரு."

"டேய்"னான் அண்ணன். மெதுவாத்தான் சொன்னான்.

"இல்லன்னு சொல்லு அண்ணே. இப்பவே பாத்துடலாம்."

பக்கத்து வெல்டிங் கடைக்காரனும் லேத்துக்காரனும் வண்டி இழுத்துக்கிட்டு வந்ததப் பாத்து வாசல்ல கூடியிருந்தாங்க. ஆள் இருக்கறது நல்லதாப் போச்சு. ரெண்டு துணி எடுத்தேன். முதுகுக்குப் பின்னால ஒண்ண தண்ணில முக்கினேன், ஒண்ண பெட்ரோல்ல முக்கினேன். தண்ணித் துணிய முதல்ல எடுத்து நானே மோந்தேன். சும்மா இல்ல, கூத்தாடி மாதிரி மோந்தேன். மூக்க சுருக்கி, கண்ண இடுக்கி, தொண்டைய செருமி, பெட்ரோல் குடிச்சவன் மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு அத அண்ணன் மூக்குக்குக் கீழ நீட்டினேன். "சொல்லு, என்ன இது?"

அண்ணன் துணியப் பாக்கவே இல்ல. என் மூஞ்சியத்தான் பாத்தான். தண்ணில விழுந்தவன் கரையில இருக்கறவனப் பாக்கற மாதிரி பாத்தான். கெஞ்சறான்னு நினைச்சேன். நல்லா கெஞ்சுன்னு நினைச்சேன்.

"பெட்ரோல்"னான்.

டாக்டரம்மா கைய நீட்டி துணிய வாங்கி மோந்தாங்க. "இது தண்ணி"ன்னாங்க. வாசல்ல யாரோ களுக்குனு சிரிச்சான். நான் வாய்விட்டே சிரிச்சேன்.

ரெண்டாவது துணிய எடுத்து மூஞ்சிய அப்பாவியா வச்சுக்கிட்டு நீட்டினேன். அண்ணன் என் மூஞ்சியவே பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அவன் கண்ணுல ஏதோ ஒண்ணு மெதுவா உக்காந்துச்சு, கிண்ணத்துல ஊசி உக்கார்ற மாதிரி. என் கைய ரெண்டு விரலால தள்ளிவிட்டான்.

"போதும்டா"ன்னான்.

டாக்டரம்மா லேசுப்பட்ட ஆள் இல்ல. என் பக்கம் திரும்பினாங்க. "அன்னைக்கு நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க தம்பி? உங்களுக்கு வாடை வரலையா?"

இந்தக் கேள்விய நான் யோசிக்கவே இல்ல. நாலு மாசம் திட்டம் போட்டவன் இந்த ஒரு கேள்விய யோசிக்கல, பாருங்க.

"அவனுக்கு அன்னைக்கு நல்ல சளி டாக்டரம்மா"ன்னான் அண்ணன். "மூக்கடைச்சு இருந்தான். அவன்மேல ஒண்ணும் இல்ல. அவன் லைட்டுதான் பிடிச்சான். தப்பு முழுக்க என்னோடது. நான் சொல்லியிருக்கணும், சொல்லல."

மட்கார்டு மேல கிடந்த லைட்ட எடுத்தான். அதோட ஒயர கைமுட்டிக்கும் உள்ளங்கைக்குமா நிதானமா சுத்தினான். ஆணியில மாட்டினான். துண்ட உதறி தோள்ல போட்டுக்கிட்டு, வாசல்ல நின்னவங்க விலகி வழிவிட, வீட்டுக்கு நடந்தான்.

எனக்கு எதுக்கு இவன் சப்பைக்கட்டு கட்டினான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்புறம் விட்டுட்டேன். ஜெயிச்சவனுக்கு யோசனை எதுக்கு? இன்ஜின் வேலைய நானே முடிச்சுத் தரேன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னேன். அவங்க சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. சாவிய என்கிட்ட குடுத்தாங்க. முதல் தடவையா.

டீக்கடையில நானே பேச்ச ஆரம்பிச்சு வச்சேன். மத்தியானத்துக்குள்ள தெரு முழுக்க 'மூக்கில்லாத மூக்கர்'னு ஆயிடுச்சு. லேத்துக்காரன் எலிக் கதைய என்கிட்ட மூணு தடவை சொல்லச் சொல்லி கேட்டான். மூணு தடவையும் நான் இன்னும் கொஞ்சம் சேத்து சொன்னேன்.

வெயில் சாயறதுக்கு முன்னாடியே பட்டறைய சாத்திட்டு வீட்டுக்குப் போனேன். ஒரே வீடுதான் எங்களுக்கு, நடுவுல ஒரு சுவரு. முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி எனக்கு. அவன் பாதியக் கடந்துதான் நான் போகணும். அண்ணன் உள் அறையில சுவரப் பாத்துப் படுத்திருந்தான். கதவு பாதி திறந்திருந்துச்சு. அண்ணி கூடத்துல உக்காந்து துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. தாண்டிப் போயிடலாம்னு பாத்தேன்.

"தம்பி, கொஞ்சம் உக்காருங்க"ன்னாங்க.

திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். பதிலுக்குப் பதில் குடுக்க வாயில நாலு வார்த்தை தயாரா வச்சுக்கிட்டு உக்காந்தேன்.

"உங்களுக்கு தெரிஞ்சுபோச்சாமே, அவருக்கு மூக்கு போனது. வந்து சொன்னாரு. ஒரு வகையில நல்லதுதான். எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? சொல்லிடுங்க, தம்பிகிட்ட மட்டுமாவது சொல்லிடுங்கன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"ஏன் சொல்லல?"ன்னேன்.

"நீங்க சிரிப்பீங்கன்னு."

மடிச்ச சட்டைய அடுக்குல வச்சாங்க. என்னைக் குத்திக் காட்டற குரல் இல்ல அது. மழை வரும்னு சொல்ற மாதிரி சொன்னாங்க.

"அப்புறம் எப்படிங்க பட்டறையில சமாளிக்கறீங்கன்னு கேட்டேன். 'தம்பி மூஞ்சி இருக்கே'ன்னாரு. எனக்குப் புரியல. அப்புறம்தான் விளக்கினாரு. பெட்ரோல் வாடை வந்தா தம்பிக்கு இடது பக்கத்து மூக்கு மட்டும் சுருங்குமாம். எரிஞ்ச ஆயில்னா ஒரு கண்ண இடுக்குவீங்களாம். கருகின ஒயருன்னா நாக்கு நுனிய கடிச்சுக்குவீங்களாம். சின்னப் புள்ளையிலருந்தே அப்படித்தானாம், உங்களுக்கே அது தெரியாதாம். 'பொய் சொல்லத் தெரியாத மூஞ்சிடி அது. என் மூக்கவிட அத நம்பலாம்'னாரு. அதனாலதான் எதுக்கெடுத்தாலும் உங்கள லைட்டு பிடிக்கக் கூப்பிட்டாரு. வெளிச்சம் உங்க மூஞ்சில விழணும்ல?"

எனக்கு காது ரெண்டும் கொதிச்சுச்சு. பட்டப்பகல்ல லைட்டு. எனக்கு எதிர்ப்பக்கமா நில்லு. இன்னும் கிட்ட வா. குனி. நாலு மாசமா சரியா சொன்னதெல்லாம் அவன் சொல்லல, நான் சொல்லியிருக்கேன். டிப்ஸ்டிக்க மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டு என்னைப் பாத்தானே, லெவல் ஏறியிருக்கேன்னு கேட்டுட்டு பாத்தானே, ரெண்டாவது தடவையும் பாத்தானே. சுவரு மாதிரி வச்சிருந்தேன். தண்ணித் துணிய கூத்தாடி மாதிரி மோந்து காட்டினேன். நாலு பேர் எதிர்ல கடைசியா ஒரு தடவை என்னை நம்பித்தான் அவன் பெட்ரோல்னு சொன்னான்.

"அன்னைக்கு மட்டும் பாருங்க, உங்களுக்கு அந்தப் பாழாப்போன சளி பிடிக்கணுமா?"ன்னாங்க அண்ணி. "தம்பி மூக்கு அடைச்சிருந்துச்சு, நான் கேக்காம விட்டுட்டேன், அவன் மேல தப்பில்லன்னு வந்ததுலருந்து சொல்லிக்கிட்டு இருக்காரு. இப்ப தேவலையா உங்களுக்கு?"

அறைக்குள்ள அண்ணன் முதுகு தெரிஞ்சுச்சு. அது அசையல. தூங்கறவன் முதுகு இல்ல அது. கேட்டுக்கிட்டு இருக்கற முதுகு.

இல்ல அண்ணின்னு அப்பவாவது நான் சொல்லியிருக்கலாம். சளி இல்ல, ஒரு மண்ணும் இல்ல, வாடை வந்துச்சு, மறைச்சேன், லெவலுக்கும் பொய் சொன்னேன்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"ஆமா அண்ணி"ன்னேன். "இன்னும் விட்ட பாடில்ல." மூக்க உறிஞ்சியும் காட்டினேன்.

"அடடா, அப்படியே விடக்கூடாது தம்பி"ன்னு அண்ணி எந்திரிச்சு உள்ள போனாங்க. அடுப்புல பாத்திரம் வச்ச சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சுப் போயிருக்கலாம். உக்காந்தே இருந்தேன். கொதிக்கற தண்ணிய அகலப் பாத்திரத்துல கொண்டுவந்து என் முன்னாடி ஸ்டூல்ல வச்சாங்க. ஒரு துண்டு குடுத்தாங்க. "நல்லா மூடிக்கிட்டு ஆவி பிடிங்க. மூக்கு திறந்துடும்."

குனிஞ்சேன். துண்ட தலையோட போத்திக்கிட்டேன். மூஞ்சி வெந்துச்சு. உள்ள ஒரே இருட்டு. அந்தத் துண்டு அண்ணனோடது. அதுல முப்பது வருஷத்து ஆயிலும் பெட்ரோலும் ஊறிக் கிடந்துச்சு. ஆவி பட்டதும் அவ்வளவும் கிளம்பி என் மூக்குல ஏறுச்சு. என் இடது மூக்கு சுருங்கறத நான் முதல் தடவையா கவனிச்சேன்.

கட்டில் கிரீச்சுன்னுச்சு. காலடி மெதுவா வந்துச்சு. துண்டுக்குக் கீழ, பாத்திரத்துக்கு அந்தப் பக்கம், அண்ணனோட ரெண்டு காலும் தெரிஞ்சுச்சு. கட்டைவிரல் நகத்துல இன்னும் கிரீஸ்.

"டேய் தம்பி"ன்னான்.

நான் இன்னும் கீழ குனிஞ்சேன்.

"துண்ட எடுடா. ஒரு தடவை உன் மூஞ்சியப் பாத்துக்கறேன்."

கையால துண்டோட ரெண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அவன் இழுக்கல. நின்னுக்கிட்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு அந்த ரெண்டு காலும் திரும்பிப் போச்சு, கட்டில் மறுபடியும் கிரீச்சுன்னுச்சு. தண்ணி எப்பவோ ஆறிடுச்சு. நான் தலைய நிமித்தல.